காக்குங் கையிற் கரந்துறை நோய்

மனிதர் தம்மை முற்றாகப் பிறர் கையில் ஒப்புவிக்கும் சந்தர்ப்பங்கள் வாழ்க்கையில் மிகச் சில. தாயின் மடியிற் கிடந்த காலத்தில் ஒப்புவித்தோம். அதன் பின்னர்ச் சத்திரசிகிச்சை மேசையிற் கிடக்கும்போது மீண்டும் ஒப்புவிக்கின்றோம். அங்கே கத்தி எவர் கையில் இருக்கின்றது, அந்தக் கைக்குரியவர் நலமுடையவர்தாமா என்றெல்லாம் நாம் வினாவுவதில்லை. வினாவாமைக்குக் காரணம் அறியாமை அன்று, நம்பிக்கை. வைத்தியர் நம்மைக் காக்கும் வேலி என்னும் நம்பிக்கை.

வேலியே பயிரை மேய்ந்தால் என் செய்வது என்று நம் முன்னோர் கேட்டனர். ஆனால், வேலி தானாக மேயவில்லை. வேலியில் நின்ற முள்ளொன்று தன்னை அறியாமலே பயிரைக் கிழித்துவிட்டது என்றால், அப்போது என் செய்வது? இரத்தத்தின் வழியாகப் பரவும் நோய் ஒன்று வைத்தியருக்கோ, தாதிக்கோ, பல் வைத்தியருக்கோ தொற்றியிருக்குமானால், அவரிடமிருந்து நோயாளியைக் காப்பது எங்ஙனம்? அவரைத் தொழிலினின்றும் விலக்குவதா? நோயாளிக்கு அறிவிக்கச் சொல்வதா? சிறையில் இடுவதா? அன்றி, இவை யாவற்றிலும் சிறந்த வழி வேறு உண்டா? இவ்வினாக்களை ஐக்கிய அமெரிக்காவும் இங்கிலாந்தும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வந்திருக்கின்றன. அவ்வாராய்ச்சியின் வரலாற்றில் மருத்துவம் கற்க விரும்பும் மாணாக்கரும் அவர்தம் பெற்றோரும் அறியத்தக்கன பல உள.

மூன்று கிருமிகள்

இரத்தத்தில் உறைந்து, இரத்தத்தின் வழியே ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்லும் கிருமிகளுள் மூன்றைப் பற்றியே வைத்திய உலகம் பெரிதும் கவலை கொண்டிருக்கின்றது. ஈரலைத் தாக்கிச் செங்கமாரியை உண்டாக்க வல்ல 'பி' வைரசு ஒன்று. அதே ஈரலைத் தாக்கும் 'சி' வைரசு மற்றொன்று. எயிட்ஸ் நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. மூன்றாவது. கைகுலுக்குவதாலும், ஒரே பாத்திரத்தில் உண்பதாலும், நாடி பிடித்துப் பார்ப்பதாலும் இவை வைத்தியசாலையிற் பரவுவதில்லை. ஒருவர் இரத்தம் மற்றொருவர் இரத்தத்தோடு கலக்க வாய்ப்பு நேர்ந்தால் மாத்திரமே அங்கே ஆபத்து உண்டு.

இம்மூன்றும் வலிமையில் ஒத்தன அல்ல. நோயாளியின் இரத்தம் பட்ட ஊசி ஒரு தாதியின் விரலிற் குத்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவர் தடுப்பூசி ஏற்றிக்கொள்ளாதவராயின், 'பி' வைரசு அவரைத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 30 வரை செல்லலாம். 'சி' வைரசுக்கு அவ்வாய்ப்பு நூற்றுக்கு 2க்கும் குறைவு. எச்.ஐ.வி.க்கோ ஆயிரத்துக்கு 3 அளவினதே. உலகம் எந்தப் பெயரைக் கேட்டு மிக அஞ்சியதோ, அது இம்மூன்றினுள்ளும் மிகக் கடினமாகத் தொற்றுவது. எதைக் கேட்டு அஞ்சவில்லையோ, அதுவே மிக எளிதில் தொற்றுவது. பின்னர் நாம் கூறப்போவதற்கு இவ்வுண்மை அடிப்படையாகும்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. இரத்தம் பாயும் திசை பெரும்பாலும் நோயாளியிடமிருந்து வைத்தியரை நோக்கியதே. உலகெங்கும் உள்ள ஏறக்குறைய 350 இலட்சம் சுகாதார ஊழியரில், ஆண்டுதோறும் 30 இலட்சம் பேர்வரை ஊசி முதலிய கூரிய பொருள்களாற் குத்துண்டு இரத்தக் கிருமிகளுக்கு ஆளாகின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2002ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. நோயுற்ற வைத்தியர் என்று நாம் அஞ்சும் ஒருவர், நம்மைப் போன்ற ஒரு நோயாளிக்குப் பணி செய்தபோதே அந்நோயைப் பெற்றிருக்கலாம்.

பழைய கதைகள் இரண்டு

வைத்தியர் கையே நோயைக் கொண்டு செல்லலாம் என்னும் எண்ணம் புதியதன்று. 1843ஆம் ஆண்டில், பொஸ்ரன் நகரத்து வைத்தியரான ஒலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்பவர், பிள்ளை பெற்ற தாய்மாரைக் கொல்லும் சூதகக் காய்ச்சலை வைத்தியர்களே ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்குக் கொண்டு செல்கின்றனர் என்று எழுதினார். கிருமி என்பதையே உலகம் அறியாத காலம் அது. குறுகிய காலத்துள் இரண்டு தாய்மார் அக்காய்ச்சலுக்கு ஆளாகக் கண்ட வைத்தியர், ஒரு மாதமேனும் பிரசவம் பார்ப்பதை நிறுத்திவைத்தல் நன்று என்று அவர் கூறினார். இதனாற் பெருமதிப்புடைய மருத்துவப் பேராசிரியர் சிலர் அவர்மீது சினங்கொண்டனர். தம் கை மாசுடையது என்பதை ஏற்க எவர்க்குத்தான் மனம் வரும்?

மற்றைய கதை இரத்த நோயைப் பற்றியதன்று. நெருப்புக் காய்ச்சலைப் பற்றியது. ஆயினும், நோய் காவும் ஒருவரைச் சட்டம் எவ்வாறு நடத்தவேண்டும் என்னும் கேள்வியை அது போல விளக்குவது வேறில்லை. மேரி மலன் என்னும் அயர்லாந்துப் பெண் நியூயோர்க் நகரிற் செல்வர் வீடுகளிற் சமையல் செய்து வந்தார். அவர் உடலில் நோயின் அடையாளம் எதுவும் இல்லை. அவர் சமைத்த வீடுகளிலோ நெருப்புக் காய்ச்சல் தொடர்ந்து தோன்றியது. 1907இல் அதிகாரிகள் அவரைப் பிடித்து ஒரு தீவில் வைத்தனர். 1910இல், இனிச் சமைப்பதில்லை என்று வாக்குறுதி பெற்று விடுவித்தனர். சலவைத் தொழில் கிடைத்தது, கூலியோ குறைவு. சில காலத்தின் பின் அவர் பெயரை மாற்றிக்கொண்டு மீண்டும் அடுப்படிக்குச் சென்றார். 1915இல் ஒரு மகப்பேற்று வைத்தியசாலையில் 25 பேருக்கு நெருப்புக் காய்ச்சல் கண்டது, இருவர் இறந்தனர். சமையற்காரி மேரி மலனே. அன்று தீவுக்குத் திரும்பிய அவர் 1938இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.

மேரி செய்தது குற்றமே. ஆயினும், வெறும் வாக்குறுதியை வாங்கிக்கொண்டு, வயிற்றுக்குப் போதிய வழி காட்டாமலும், அதன்பின் கண்காணியாமலும் விட்ட ஆட்சி செய்தது முழு அறிவு ஆகுமா? பிழைக்கும் வழியை அடைத்துவிட்டு உண்மையைச் சொல் என்றால், உண்மை பெயரை மாற்றிக்கொண்டு ஓடிவிடும். இது மேரி மலன் விட்டுச் சென்ற பாடம்.

புளொரிடாவில் நிகழ்ந்தது

1990ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் வெளியிட்ட அறிக்கை ஒன்று அந்நாட்டை நடுங்க வைத்தது. புளொரிடா மாநிலத்திற் பல் வைத்தியர் ஒருவர் எயிட்ஸ் நோயுடையவராக இருந்தார். 1987 டிசம்பரில் அவரிடம் கடைவாய்ப் பற்கள் இரண்டைப் பிடுங்குவித்துக்கொண்ட கிம்பர்லி பேர்கலிஸ் என்னும் இளம் மாணவிக்கு அந்நோய் கண்டது. வேறு வழியில் நோய் வந்திருக்கக்கூடிய காரணம் எதுவும் புலப்படவில்லை. இருவர் உடலிலும் இருந்த வைரசுக்களின் மரபுப் பொருளை ஒப்பிட்டபோது அவை நெருங்கிய உறவுடையன என்பது தெரிந்தது. அவ்வைத்தியர் 1990 செப்டெம்பரில் இறந்தார். அவருடைய நோயாளர் ஏறக்குறைய 1,100 பேரைச் சோதித்ததில், அவரிடமிருந்து நோய் பெற்றோர் அறுவர் என்று முடிவாயிற்று. எவ்வாறு தொற்றியது என்பது ஐயந்திரிபற நிறுவப்படவில்லை.

1991 செப்டெம்பரில் பேர்கலிஸ் உடல் நைந்து போன நிலையிற் புகையிரதத்தில் வாஷிங்டன் சென்று, சட்டசபைக் குழுவின் முன் சில சொற்களே பேசினார். தாம் எந்தப் பிழையும் செய்யாதிருக்கத் தமக்கு இது நேர்ந்தது என்பதே அவர் முறையீடு. அவ்வாண்டு டிசம்பர் 8ஆம் நாள், தமது 23ஆம் வயதில் அவர் மரணமடைந்தார். அந்த முறையீட்டுக்கு எவரால் மறுமொழி சொல்ல முடியும்? நோயாளியைக் காப்பது எப்படி என்னும் வினா வெறும் வாதப் பொருள் அன்று. உயிர்ப் பிரச்சினை என்பதை அவர் உலகுக்கு உணர்த்தினார்.

நாட்டிலே எழுந்த அச்சமோ அளவு கடந்தது. 1991 ஜூலையில் செனற் சபை ஒரு திருத்தத்தை 81க்கு 18 என்னும் வாக்குகளால் ஏற்றுக்கொண்டது. எச்.ஐ.வி. தமக்கு உண்டென்று தெரிந்தும் நோயாளிக்குச் சொல்லாமல் உடலைத் துளைக்கும் சிகிச்சை செய்யும் வைத்தியருக்குப் பத்தாண்டுச் சிறையும் 10,000 டொலர் தண்டமும் விதிக்க வேண்டும் என்பது அத்திருத்தம். அது சட்டமாகவில்லை. அவ்வாண்டு ஒக்டோபரில் நிறைவேறிய சட்டம், நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் வகுத்த நெறியையோ அதற்கு ஒப்பான ஒன்றையோ ஒவ்வொரு மாநிலமும் கைக்கொள்ள வேண்டும் என்று மட்டும் விதித்தது. அந்நெறி எல்லா ஊழியரையும் கட்டாயமாகச் சோதிக்கும்படி கூறவில்லை. ஆபத்துக்கு இடமான சிகிச்சைகளைச் செய்வோர் தம் இரத்த நிலையை அறிந்திருக்க வேண்டும். நோயுடையவராயின், நிபுணர் குழுவொன்றின் ஆலோசனையைப் பெற்றே அச்சிகிச்சைகளைச் செய்யலாம். நோயாளிக்கும் முன்னரே அறிவிக்க வேண்டும் என்றது.

ஆபத்துக்கு இடமான சிகிச்சை எது? கண்ணுக்குப் புலப்படாத உட்குழியில் விரலை வைத்துக்கொண்டே ஊசியையோ கத்தியையோ நடத்துவது. உடைந்த எலும்பின் கூரிய முனைகளிடையே கை வைப்பது. இவ்வாறான வேளைகளில் வைத்தியர் விரலிற் காயம் பட்டு, அவர் இரத்தம் நோயாளியின் திறந்த உடலுள் விழக்கூடும். நாடி பார்ப்பது, மருந்து கொடுப்பது, கையில் ஊசி ஏற்றுவது முதலியன இவ்வகையிற் சேரா.

அச்சம் ஒரு திசை, ஆபத்து மறு திசை

புளொரிடா நிகழ்ச்சிக்குப் பின்னர், எச்.ஐ.வி. உடைய வைத்தியர் முதலியோரிடம் சிகிச்சை பெற்றவர்களைத் தேடித் தேடிச் சோதித்தனர். 1995இல் வெளியான தொகுப்பிலே, அத்தகைய ஊழியர் 51 பேரின் நோயாளர் 22,000 பேருக்கு மேற்பட்டோரின் பரிசோதனைகள் அடங்கியிருந்தன. ஊழியரிடமிருந்து ஒருவருக்கேனும் அந்நோய் தொற்றியதற்குச் சான்று காணப்படவில்லை. பின்னர்ப் பிரான்சில், 1992இற் சத்திரசிகிச்சை செய்த எலும்பு வைத்தியர் ஒருவரிடமிருந்து ஒரு நோயாளிக்கு அது தொற்றியமை தெரியவந்தது. ஆகவே, ஆபத்து இல்லை என்று சொல்வதற்கில்லை. மிகவும் அரிது என்றே சொல்லவேண்டும்.

அதே காலத்தில், எவரும் கூக்குரல் எழுப்பாத 'பி' வைரசு என்ன செய்தது? 1991, 1992ஆம் ஆண்டுகளிற் கலிபோர்னியாவில் இருதய, நெஞ்சறைச் சத்திரசிகிச்சை பயின்ற இளம் வைத்தியர் ஒருவரிடமிருந்து, ஆராயப்பட்ட 144 நோயாளருள் 19 பேருக்கு அவ்வைரசு தொற்றியது. அவர் கையுறை அணியாதவர் அல்லர், ஒழுங்கீனர் அல்லர். ஆராய்ச்சியாளர் அவரை ஒரு மணி நேரம் தையல் முடிச்சுப் போடச் செய்து பார்த்தனர். நூல் உராய்ந்து அவர் சுட்டுவிரலில் மெல்லிய கீறல்கள் தோன்றியிருந்தன. கையுறையின் உட்புறத்தைக் கழுவிய நீரில் வைரசு இருந்தது. நோய் எங்கிருந்து வந்தது என்பது கைம்மேற் கனியாயிற்று.

நாட்டின் சினம் முழுவதும் ஒரு நோயின் பெயர்மீது பாய்ந்திருக்க, பெரிய ஆபத்து மற்றொரு பெயரோடு சத்தமின்றி நடமாடிற்று. பெயரைக் கண்டு சட்டம் செய்யலாகாது. வழியைக் கண்டே செய்யவேண்டும்.

மறைத்தவரும் மறைக்க முடியாதவரும்

இலண்டனிற் சத்திர வைத்தியர் ஒருவர் தமக்கு 'பி' வைரசு உண்டென்று அறிந்தும் மறைத்து வேலை செய்தார். பரிசோதனைக்குத் தம் இரத்தத்துக்குப் பதிலாக ஒரு நோயாளியின் இரத்தத்தைக் கொடுத்தார். அவரிடமிருந்து நோயாளருக்கு நோய் தொற்றிய பின்னரே உண்மை வெளியாயிற்று. இக்குற்றத்துக்கெனத் தனிச் சட்டம் இல்லாமையால், பொதுத்தொல்லை விளைத்தல் என்னும் பழைய குற்றத்தின்கீழ் 1994இல் அவருக்கு ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அத்தண்டனை தக்கதே. வைத்தியர் ஒருவர் தம் தொழிலைக் காக்க நோயாளியின் உடலைப் பணயம் வைக்க உரிமையுடையவர் அல்லர்.

இதன் மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திற் காது, மூக்கு, தொண்டைச் சத்திர வைத்தியர் ஒருவர் 1987 ஜூனில், தாம் பணிபுரிந்த வைத்தியசாலையிலேயே நோயாளியாக அனுமதிக்கப்பட்டார். எயிட்ஸ் என்று தெரிந்தது. சில மணி நேரத்துள் ஊரெல்லாம் அச்செய்தி பரவிற்று. நண்பர் தொலைபேசியில் அழைத்தனர், நோயாளர் வராது நின்றனர், தொழில் சரிந்தது. அவர் 1989இல் இறந்தார். 1991இல் வழங்கப்பட்ட தீர்ப்பிலே நீதிமன்றம் இரண்டு கூறிற்று: அவருடைய நோயின் இரகசியத்தைக் காவாமை வைத்தியசாலையின் குற்றம், சத்திரசிகிச்சை செய்ய அவரைத் தடுத்தமை குற்றமன்று.

இவ்விரு கதைகளையும் ஒன்றாக வைத்துப் பார்ப்போருக்கு உண்மை விளங்கும். நியூ ஜேர்சியில் நிகழ்ந்ததைப் போன்றவற்றைக் கேள்வியுறும் ஊழியர்களே இலண்டனில் நிகழ்ந்ததைச் செய்யத் தூண்டப்படுகின்றனர். இரகசியம் காக்கப்படாத இடத்தில் மறைப்பு வளரும். மறைப்பு வளரும் இடத்தில் நோயாளிக்குக் காவல் இல்லை.

ஒரு தந்தையின் கேள்வி

இவையெல்லாம் எங்கோ தொலைவில் நிகழ்ந்தவை என்று நாம் எண்ணியிருந்தோம். சில ஆண்டுகளுக்கு முன்னர், நம்மிடம் விலங்கியல் கற்ற மாணவன் ஒருவனின் தந்தையார் ஒரு மாலைப்பொழுதில் வீட்டுக்கு வந்தார். மகன் தாதித் தொழிலிற் பயிற்சி பெற்று, இங்கிலாந்திற் பணி பெறும் தறுவாயில் இருந்தான். அதற்கான இரத்தப் பரிசோதனையில் 'பி' வைரசு இருப்பது தெரிந்துவிட்டது.

"மாஸ்டர், பெடியன் ஒரு குறையும் இல்லாமல்தான் இருக்கிறான். காய்ச்சல் தலையிடிகூட இல்லை. வேறொருவருடைய இரத்தத்தைக் கொடுத்துப் பத்திரம் எடுக்கலாம் என்று ஒருவர் சொல்லுகிறார். நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?" என்றார்.

காணி ஒன்றை ஈடு வைத்து மகனைப் படிப்பித்தவர் அவர். அவர் கண்களில் நாம் கண்டது வஞ்சகம் அன்று, அச்சம். இலண்டன் வைத்தியரின் கதையை அவருக்கு விரிவாகச் சொன்னோம். பின்னர், இந்த வைரசு பலருக்குப் பிறக்கும்போதே தாயிடமிருந்து வருவது என்பதையும் சொன்னோம். பிறப்பின்போது தொற்றுப் பெறும் குழந்தைகளில் நூற்றுக்கு 90 பேர்வரை அதை நெடுங்காலம் சுமக்கின்றனர். வளர்ந்தபின் பெறுவோரிலோ நூற்றுக்கு 95 பேரளவில் தாமாகவே நீங்கப் பெறுகின்றனர். ஆகவே, இதில் ஒழுக்கக்கேடு என்று நாண ஒன்றும் இல்லை. "இங்கிலாந்தின் விதி உங்கள் மகனைத் தாதித் தொழிலிலிருந்து விலக்குவதன்று, சத்திரசிகிச்சைக் கூடம் போன்ற இடங்களிற் சில வேலைகளையே கட்டுப்படுத்துகின்றது. உண்மையைச் சொல்லட்டும். முதலில் ஈரல் வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள்; வீட்டிலுள்ளோர் எல்லாரும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்" என்றோம்.

அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். போகும்போது, "சொன்னால் வேலை போகாது என்று முதலிலேயே ஒருவர் சொல்லியிருந்தால், நான் இப்படியொரு கேள்வியைக் கேட்டிருக்க மாட்டேன்" என்றார். சட்டம் இயற்றுவோர் எல்லாரும் கேட்க வேண்டிய சொல் அது. பரிசோதனையில் தாய்க்கும் அவ்வைரசு இருந்தமை வெளிப்பட்டது, தங்கைக்கு இல்லை, அவளுக்குத் தடுப்பூசி ஏற்றினர். மகன் பத்திரத்தில் உண்மையை எழுதினான். சில மாதத் தாமதத்தின் பின் பணி கிடைத்தது. இன்று அவன் பொது மருத்துவ விடுதி ஒன்றிற் கடமையாற்றுகின்றான்.

இன்றைய நெறி

அறிவு வளர வளரச் சட்டமும் திருந்தியது. எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சை 1996 முதல் வழக்கத்துக்கு வந்தது. ஒழுங்காக மருந்து உண்போர் இரத்தத்தில் வைரசு கண்டுபிடிக்க இயலாத அளவுக்குக் குறைகின்றது. 'சி' வைரசை வாய்வழி மருந்துகளால் முற்றாகவே நீக்கிவிடலாம். 'பி' வைரசை நீக்குதல் அரிது, அடக்கிவைத்தல் எளிது. ஆகவே, வைரசு உண்டா இல்லையா என்னும் கேள்விக்குப் பதிலாக, இரத்தத்தில் எவ்வளவு உண்டு, அவர் கை என்ன வேலை செய்கின்றது என்னும் இரண்டு கேள்விகள் எழுந்தன.

2012இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 'பி' வைரசு பற்றிய தன் பழைய நெறியைத் திருத்திற்று. ஆபத்துக்கு இடமான சிகிச்சை செய்வோரின் இரத்தத்தில், ஒரு மில்லிலீற்றரில் வைரசு 1,000 சர்வதேச அலகுக்குக் கீழ் இருக்குமாயின், நிபுணர் கண்காணிப்பில் அவர் பணி செய்யலாம். அத்தகைய சிகிச்சை செய்யாதோருக்குத் தடையில்லை. இவ்வைரசு ஒன்றையே காரணமாகக் காட்டி மாணவர்க்கு மருத்துவக் கல்வியை மறுத்தலாகாது என்றது. அடுத்த ஆண்டில், 'பி' வைரசு காரணமாக அனுமதி மறுக்கப்பட்ட மாணவர் இருவர் பொருட்டு நியூ ஜேர்சியின் மருத்துவப் பல்கலைக்கழகம் ஒன்றுடன் அமெரிக்க நீதித் திணைக்களம் உடன்பாடு செய்து, அவர்களுக்கு இழப்பீடும் பெற்றுக் கொடுத்தது. ஆசிய, பசுபிக் சமூகங்களைச் சேர்ந்தோரிடையே இவ்வைரசு மிகுதி. ஆகையால், இத்தடை அவர்தம் பிள்ளைகளையே பெரிதும் தாக்கக் கூடியது.

இங்கிலாந்து 2013இல் தன் பழைய தடையை நீக்குவதாக அறிவித்தது. எச்.ஐ.வி. உடைய சத்திர வைத்தியர் மருந்து உண்டு, ஒரு மில்லிலீற்றர் குருதியில் வைரசு 200 பிரதிக்குக் கீழ் இருக்குமாறு பேணி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு உட்படுவாரானால் தொழில் செய்யலாம். இங்கே கருணை மட்டும் பேசவில்லை, கண்டிப்பும் பேசுகின்றது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது நட்புக்காகத் தளர்த்தப்படும் விதியன்று. மேரி மலனுக்குக் கிடைக்காத இரண்டும் இங்கே உள: பிழைக்கும் வழி ஒன்று, விடாத கண்காணிப்பு ஒன்று.

நோயாளிக்குச் சொல்ல வேண்டாமா?

இவ்வாறு நாம் வகுப்பிற் பேசிக்கொண்டிருந்தபோது, பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்தாள். "ஐயா, இவ்வளவும் வைத்தியரைக் காக்கும் பேச்சாக இருக்கின்றதே. என் உடலில் கத்தி வைப்பவர் நோயாளியா என்று அறிய எனக்கு உரிமை இல்லையா?" என்றாள். நல்ல கேள்வி. பேர்கலிஸ் உயிரோடு இருந்திருப்பாராயின் அதையே கேட்டிருப்பார்.

நாம் சொன்ன விடை இது. ஆபத்து உளதாயின், நோயாளிக்குச் சொல்லிவிட்டுச் செய்வதும் தவறு. அந்த வைத்தியர் அச்சிகிச்சையைச் செய்யவே கூடாது. வலியோடு கிடப்பவன் தலையசைத்து விட்டான் என்பதனால் ஆபத்து நீங்கிவிடுமா? ஆபத்து இலதாயின், வைத்தியரின் உடல் நிலையை ஊரறியச் செய்வதால் நோயாளிக்கு வரும் பயன் யாது? நோயாளியின் உரிமை ஒரு பெயரை அறிவதில் இல்லை. ஆபத்து நீக்கப்பட்டிருப்பதில் இருக்கின்றது. சிகிச்சையின்போது வைத்தியர் இரத்தம் நோயாளியின் உடலிற் கலந்துவிட்டது என்றாலோ கதை வேறு. அப்போது மறைத்தல் பாதகம். உடனே சொல்லி, பரிசோதித்து, வேண்டிய மருந்தைக் கொடுத்தே ஆகவேண்டும்.

அவள் முழுவதும் உடன்பட்டாள் என்று நாம் கூறமாட்டோம். "கண்காணிப்பவர் கண்ணயர்ந்தால்?" என்று மீண்டும் கேட்டாள். அங்கேதான் இந்நெறியின் உயிர்நிலை இருக்கின்றது. இரகசியத்தைக் காப்போம் என்று வாக்களித்த ஆட்சி, அதற்கு ஈடாக விழித்திருக்கக் கடமைப்பட்டுள்ளது. விழித்திராத நாட்டில் இந்நெறி வெறுங் காகிதமே.

ஊசிமுனையிற் காவல்

எல்லாவற்றுக்கும் மேலான காவல் ஒன்று உண்டு. அது எவரையும் நோயுடையவர், நோயில்லாதவர் என்று பிரிப்பதில்லை. எல்லார் இரத்தத்தையும் கிருமி உடையதாகவே கருதி நடக்கவேண்டும் என்னும் நெறியை அமெரிக்கர் 1987இல் வகுத்தனர். கையுறை அணிதல், பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி போடாமல் உரிய பெட்டியில் இடுதல், கத்தியைக் கையிலிருந்து கைக்குக் கொடாமல் தட்டில் வைத்து எடுத்தல் என்பன சிறிய செயல்கள். இவை வைத்தியரை நோயாளியிடமிருந்தும், நோயாளியை வைத்தியரிடமிருந்தும் ஒருங்கே காக்கின்றன. கட்டாயப் பரிசோதனை காட்டுவது நேற்றைய இரத்தத்தை; இவை காப்பது இன்றைய இரத்தத்தை.

தடுப்பூசியின் பெருமையோ சொல்லுந்தரமன்று. ஐக்கிய அமெரிக்காவிலே 1983ஆம் ஆண்டில் ஏறக்குறைய 17,000 சுகாதார ஊழியருக்கு 'பி' வைரசு தொற்றியது என்று கணித்துள்ளனர். 1995இல் அத்தொகை 400 அளவாகக் குறைந்தது. இந்தச் செயலைச் செய்தது சிறைத் தண்டனை அன்று. ஊசி மருந்தும் ஒழுங்கான பழக்கமுமே. நம் நாட்டில் 2003 முதல் குழந்தைகளுக்கு இத்தடுப்பூசி ஏற்றப்பட்டு வருகின்றது. ஆகவே, இனி மருத்துவக் கல்லூரி செல்லும் தலைமுறை தன் பெற்றோரிலும் பாதுகாப்பாகச் செல்லும். அதற்கு முன் பிறந்தோர் வைத்தியத் துறையுட் புகுமுன் பரிசோதித்துத் தடுப்பூசி ஏற்றிக்கொள்ளுதல் கடமையாகும்.

மருத்துவராகவும் தாதியராகவும் வர விரும்பும் மாணாக்கருக்கு நாம் சொல்லக்கூடியது இதுவே. உங்கள் கை பிறர் உயிரைத் தொடப்போகின்றது. அக்கையை அறிந்துகொள்ளுங்கள். அதிற் குறை கண்டால் மறையாதீர்கள், தக்கவரிடம் சொல்லுங்கள். மறைக்கும் வைத்தியர் நோயாளிக்கு மட்டுமன்றி, தம்மைப்போல் நோயுற்று உண்மை சொல்லி வாழும் சக வைத்தியர் அனைவருக்கும் தீங்கு செய்கின்றார். அவர் ஒருவரால் எல்லார்மீதும் ஐயம் விழுகின்றது.

பெற்றோருக்கும் மற்றையோருக்கும் சொல்ல ஒன்று உண்டு. வைத்தியசாலைத் தாதி ஒருவருக்கு ஏதோ நோயாம் என்று ஊரார் வாய் மெல்லத் தொடங்கும்போது, அவ்வாயை அடக்கும் பொறுப்பு நமக்கு உண்டு. நாம் பரப்பும் ஒவ்வொரு வதந்தியும் வேறெங்கோ ஒருவரை உண்மையை விழுங்கச் செய்கின்றது. அவர் விழுங்கிய உண்மை ஒருநாள் நம் பிள்ளையின் உடலிலே நோயாக எழலாம்.